காரைக்குடி பலகாரக்கடைப் பலகை: தடித்த வட்ட வடிவ ஆங்கில எழுத்துக்குத் தமிழில் சரியான ஜோடி எது?

பலகாரக்கடை மகள், காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். அம்மா பல வருடமாக வீட்டிலேயே ஆர்டருக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறார். கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, புதுமனை என்று எது வந்தாலும் வளவு முழுக்க எண்ணெய்ச்சட்டி வாசம்தான். இப்போதுதான் செக்காலைப் பக்கம் சின்னதாக ஒரு கடை எடுத்திருக்கிறோம். பெயர்ப்பலகை, பாக்கெட்டில் ஒட்டும் லேபிள் இரண்டுக்கும் எழுத்து அமைக்கிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது தடித்த, வட்டமும் நேர்கோடுமாக இருக்கிற ஆங்கில எழுத்து. ஓ என்றால் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், ஐ என்றால் ஒரே ஒரு தூண், நுனியில் வால் எதுவும் கிடையாது. ஜியாமெட்ரிக் சான்ஸ் செரிஃப் என்று சொல்கிறார்களே, அந்த வகை. இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் மான்செராட் போல்டில் ஊர்ப்பெயரைப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. தமிழ்ப் பகுதியை அச்சடிக்கிற கடையிலேயே விட்டுவிட்டேன். அவர்கள் தங்களிடம் இருந்த சாதாரணத் தமிழ் எழுத்தை எடுத்து, ஆங்கிலத்துக்குச் சமமாகத் தடிக்க வேண்டும் என்று சுற்றிலும் ஓரம் கூட்டிக் கொடுத்தார்கள். மாதிரி அச்சு வந்தது, சுவரில் ஒட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். தேன்குழல் ‘தென்குழல்’ என்று தெரிகிறது. சீப்புச்சீடை ‘சிப்புச்சிடை’. மாவுருண்டையில் இருக்கிற மூன்று சுழி ண ஒரு கறுப்புக் கட்டியாக இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் லேபிளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நான் கேட்க நினைப்பது இதுதான். அந்த மாதிரித் தடித்த, வட்டமான வடிவம் தமிழில் ஒழுங்காக இருக்கிறதா? அப்புறம், செட்டிநாட்டுப் பலகாரக் கடைக்கு இது பொருந்துமா? சொந்தக்காரர்கள் எல்லாரும் வளைவும் நெளிவுமாகப் ‘பாரம்பரிய’ எழுத்துத்தான் போடணும், பக்கத்தில் ஒரு தூண் படம் வை என்கிறார்கள். எங்கள் வீட்டு ஆத்தங்குடித் தளம் முழுக்க வட்டமும் சதுரமும்தானே, அதற்கு இந்த எழுத்துத்தான் நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துரு வேலை, சென்னை (சொந்த ஊர் பள்ளத்தூர்)

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கோளாறு வடிவத்தில் இல்லை, ஓரம் கூட்டியதில் இருக்கிறது. அச்சுக்கடைகளில் வைத்திருக்கிற கோரல்டிரா மென்பொருளில் எழுத்தைச் சுற்றி 2 பாயின்ட் கோடு போட்டால் அதில் 1 பாயின்ட் வெளியே போகும், 1 பாயின்ட் உள்ளே வரும். ஆங்கில எச், டி போன்றவற்றுக்கு உள்ளே இடமிருக்கிறது, தாங்கிக்கொள்ளும். நம் எழுத்தில் உள்ளே இருப்பதே சுழிதான். ‘தே’யில் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் மேலே இருக்கிற அந்தச் சின்னச் சுழி மட்டுமே. ‘சி’க்கும் ‘சீ’க்கும் இடையிலும் அப்படித்தான், எழுத்தின் மேல் வளைந்து ஏறுகிற கோட்டின் (அதை விலங்கு என்போம்) நுனியில் ஒரு சுழி. அது அடைத்துப்போனால் குறில் நெடிலே மாறிவிடுகிறது, நீங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசித்தது அதைத்தான். எழுத்துருவில் தடித்த வடிவம் என்பது மெல்லியதைப் பெருக்க வைப்பதில்லை, ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைவது. தடிப்பு கூடக் கூட எழுத்தின் அகலத்தையும் கொஞ்சம் கூட்டுவார்கள், சுழிக்குப் பக்கத்தில் கோட்டை மெலித்து உள்ளே வெளிச்சம் விடுவார்கள்.

ஆங்கிலத்திலும் இது காம்பஸ் வேலை இல்லை. இந்த வகையில் பெரிய பெயர் ஃப்யூச்சுரா. பால் ரென்னர் வரைந்து, ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த பாவர் எழுத்து வார்ப்பகம் 1927-ல் வெளியிட்டது. ரென்னர் முதலில் போட்ட படங்களில் சின்ன எழுத்து ஆர் என்பது ஒரு தூணும் பக்கத்தில் ஒரு புள்ளியும், அவ்வளவுதான். வட்டம், கோடு, முக்கோணத்தை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்திருக்கிறார். விற்பனைக்கு வந்தபோது அந்த மாதிரி வடிவங்களை ஒதுக்கி, கண்ணுக்குப் பழகிய வடிவத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் இருக்கிற ஓ-வை அளந்து பார்த்தால் சுத்தமான வட்டமாக இருக்காது, தூணும் வட்டமும் சேருகிற இடத்தில் கோடு மெலிந்திருக்கும். பார்க்கிறவருக்கு மட்டும் வட்டமாகத் தெரியும். 1969-ல் அப்போலோ 11 நிலாவில் விட்டுவந்த தகட்டில் இருப்பதும் ஃப்யூச்சுராதான். ஐக்கியா என்ற சுவீடன் கடைக்காரர்கள் வெகுகாலம் அதைத்தான் வைத்திருந்தார்கள், 2009-ல் வெர்டானா என்ற வேறோர் எழுத்துருவுக்கு மாறியபோது உலகம் முழுக்க எழுத்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். காரணம் எளிது. இந்த எழுத்தில் நாலு சொல் போட்டாலே அது ஒரு முத்திரை மாதிரி நிற்கும், தூரத்திலிருந்து எழுத்துக்கு முன்னால் உருவம் வந்து சேரும். அதே எழுத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பத்தி போட்டால் கண் களைத்துவிடும். பலகைக்கும் லேபிளின் தலைப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் வருகிற சேர்மானப் பட்டியலுக்கு வேண்டாம்.

தமிழுக்கு வருவோம். நான் முதலில் சொல்வது கட்டமரன். பிரியா ரவிச்சந்திரன் வரைந்தது, பெயரே நம் கட்டுமரம்தான். தமிழும் ஆங்கிலமும் ஒரே கையில் வரைந்தவை, 9 தடிப்பு இருக்கிறது. இன்னும் உருண்டையாக, குழந்தைத்தனமான சிரிப்போடு வேண்டுமென்றால் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் செய்த பலூ தம்பி, அதன் இரண்டாம் பதிப்பில் 5 தடிப்பு. அவர்களுடைய அனேக் தமிழ் 2022-ல் வந்தது, தடிப்போடு அகலத்தையும் விருப்பம்போல் கூட்டிக் குறைக்கலாம். ‘செட்டிநாட்டுப் பலகாரங்கள்’ மாதிரி நீளமான வரியைச் சின்னப் பலகைக்குள் அடக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய வசதி. மூன்றும் கூகுள் எழுத்துருக்கள் தளத்தில் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, பலகை, பாக்கெட், விற்பனைக்கு எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஃப்யூச்சுரா அப்படி இல்லை, விலை கொடுத்து வாங்க வேண்டும்.

நான் உண்மையாகவே சொல்ல விரும்புவது வேறு. ஆங்கிலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குத் தமிழில் ஜோடி தேடுகிறீர்கள், அந்த வரிசையை மாற்றுங்கள். சுழி உள்ள எழுத்துக்குத்தான் தாங்கும் எல்லை குறைவு. தேன்குழல், மாவுருண்டை இரண்டையும் தமிழில் எவ்வளவு தடிப்பு வரை அடைக்காமல் கொண்டுபோகலாம் என்று பாருங்கள், அந்தத் தடிப்புக்கு ஆங்கிலத்தைக் கொண்டுவாருங்கள். ஆங்கிலம் போல்டிலிருந்து செமிபோல்டுக்கு இறங்கினால் யாருக்கும் தெரியாது. தமிழ் ஒரு படி ஏறினால் ண போய்விடும்.

பலகை ஓவியர், தேவகோட்டை

அம்மா, நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, பிரஷ் பிடித்தவன். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் மளிகை, பாத்திரக்கடை, லாரி செட் என்று எழுதாத சுவர் குறைவு. மேலே தம்பி சொன்ன சமாச்சாரத்தை எங்கள் வாத்தியார் வேறு பாஷையில் சொல்லிக்கொடுத்தார், அதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கிற எழுத்துக்கு எங்களிடம் பெயர் பிளாக் எழுத்து. சுண்ணாம்புக் கயிறு தெறித்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நேர் எழுத்தெல்லாம் அந்தக் கோட்டுக்குள் நிற்கும். வட்ட எழுத்தை அதே கோட்டுக்குள் அடக்கினால் அது குட்டையாகத் தெரியும், பக்கத்தில் இருப்பவன் மட்டும் வளர்ந்துவிட்ட மாதிரி. ஓரடி உயர எழுத்துக்கு மேலே ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), கீழே ஒரு நூல் ஏற்றி இறக்கிப் போட வேண்டும், அப்போதுதான் சமமாகத் தெரியும். தூண் இரண்டு அங்குலம் என்றால் படுக்கைக் கோட்டை இரண்டு அங்குலம் போடக்கூடாது, ஒன்றேமுக்கால்தான். சமமாகப் போட்டால் படுக்கைக் கோடு தடியாகத் தெரியும், ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, போட்டுப் பாருங்கள்.

தமிழில் ப, ட, ம மூன்றும் பிளாக் எழுத்துக்கு என்றே பிறந்தவை. ட ஒரே ஒரு மூலைமட்டம். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் தடிப்பு ஏற்றுங்கள். கஷ்டம் கொடுப்பது ண, ஞ, இ, ஐ, ழு. நான் ண எழுதினால் கடைசித் தூணை முழுத் தடிப்பில் விட்டு, சுழி மூன்றையும் மெலிந்த கோட்டில் இழுப்பேன். எழுத்து மொத்தமும் ஒரே தடிப்பு என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார். சுழிக்குள் எவ்வளவு இடம் விடுவது என்பதற்கு ஒரு கணக்கு: உள்ளே என் சுண்டுவிரல் நுனி போகிறதா என்று பார்ப்பேன், அது ஓரடி எழுத்துக்கு.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. உங்கள் ரோடு நாற்பதடி என்றால் ப-வின் உயரம் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கொம்பையும் விலங்கையும் அதில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, தமிழில் மேலே ‘கி’, ‘டி’ ஏறும், கீழே ‘சு’, ‘பு’ இறங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, இரண்டு வரியை ஒட்டி ஒட்டி வைக்கலாம். தமிழ் வரி இரண்டை அப்படி வைத்தால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் மிதிக்கும்.

பாரம்பரியம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் பழைய வீட்டு முகப்பில் சுதையில் வைத்த பெயர்களை நின்று பாருங்கள். பல வீடுகளில் நெளிவே இல்லாமல் கட்டையாக, நேராகத்தான் இருக்கும். வாலும் சுருளுமாக வருகிற எழுத்தை இன்றைக்குத்தான் பாரம்பரியம் என்று விற்கிறார்கள்.

ஒளிப்பலகை, ஃப்ளெக்ஸ் தொழில், காரைக்குடி

அச்சடிக்கிறவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, நானும் அதே தொழில்தான். எங்களிடம் இருக்கும் தமிழ் எழுத்துகளில் பாதிக்கு மேல் பாமினி மாதிரிப் பழைய விசைமுறைக் காலத்தவை, ஒரே ஒரு தடிப்புத்தான் இருக்கும். பழைய கோரல்டிராவில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். அதனால்தான் கையில் இருப்பதற்கே ஓரம் கூட்டுகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, கட்டமரனோ எதுவோ, வீட்டிலேயே அமைத்து எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். அப்புறம் எந்தக் கடையில் கொடுத்தாலும் ஒரு புள்ளிகூட நகராது.

பலகை எதில் செய்யப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, அதைப் பொறுத்துத் தடிப்பு மாறும். வினைல் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் சுழிக்குள் இருக்கிற துணுக்கை ஊசியால் எடுக்க வேண்டும், அது கடுகளவு ஆகிவிட்டால் எடுக்கும்போது பக்கத்துக் கோடும் சேர்ந்து பிய்ந்துவரும். அக்ரிலிக்கில் எழுத்தைத் தனித்தனியாக வெட்டி உள்ளே எல்இடி வைப்பதாக இருந்தால் இந்தத் தடித்த வடிவம் எங்களுக்கு வசதி, கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே அகலம், விளக்கு வரிசையாக உட்காரும். ஆனால் மெய்யெழுத்துப் புள்ளி தனித் துண்டு. அதற்குத் தனியாக ஆணி, தனியாக ஒயர். சின்னதாக வைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டாது. ‘தேன்குழல்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு புள்ளி இருக்கிறது பாருங்கள். புள்ளியைக் கோட்டின் தடிப்பைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கச் சொல்லுங்கள்.

இரவு விளக்கு எரியும்போது வெளிச்சம் கசிந்து எழுத்து இன்னும் ஒரு படி தடித்துத் தெரியும், சுழி அடைக்கும். அச்சில் போல்டு பிடித்தது என்றால் ஒளிப்பலகைக்கு அதற்கு ஒரு படி கீழே எடுங்கள்.

பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்ற அரசு விதி தெரிந்திருக்கும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று கணக்கு. ஆங்கிலத்தைச் சின்னதாக்கினால் அதன் கோடும் மெலிந்துதானே போகும், அப்போது தமிழை ஆங்கிலத்துக்குச் சமமாகத் தடிக்கிற வேலையே இல்லாமல் போகிறது. பள்ளத்தூர்க்காரர் சொன்ன வரிசைதான் விதிக்கும் பொருந்தும்.

ஆத்தங்குடிக்காரன்

ஆத்தங்குடித் தளம் என்று சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் சித்தப்பா பட்டறையில் ஒருவர் வீட்டு வாசலுக்கு எழுத்துப் பதித்த கல் கேட்டார். நம் கல் எப்படிப் போடுவது என்று தெரியும்தானே. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதில் இருக்கும் அறை ஒவ்வொன்றிலும் ஒரு கலர்ச் சிமென்ட் கரைசலை ஊற்றி, அச்சை அப்படியே நேராகத் தூக்கி, மேலே சிமென்டும் மணலும் தூவி, அப்புறம் கலவை நிரப்பித் தட்டி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறப்போடுவது. கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் முகம். அதனால் எழுத்தைத் திருப்பி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரித்தான் அச்சில் வைக்க வேண்டும். வட்டமும் சதுரமும் எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டமும் சதுரமும்தான், எழுத்து அப்படி இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் கல் வீணாகிவிட்டது. அச்சைத் தூக்கிய உடனே சுழிக்குள் ஊற்றிய வெள்ளை சுற்றியிருந்த சிவப்போடு கலந்து ரோஸ் ஆகிவிட்டது. அறை குறுகினால் கரைசல் நிற்காது. சித்தப்பா சுழியை இரண்டு மடங்கு பெரிதாக்கி, எழுத்தின் தூணைக் குறைத்து வேறு அச்சு செய்யச் சொன்னார், இரண்டாவது கல் சுத்தமாக வந்தது. அந்த எழுத்தைப் படத்தில் பார்த்தால் சுழி பெருத்து விகாரமாக இருக்கும். தரையில் பதித்து நின்று பார்த்தபோது மற்ற பூக்கல்லோடு ஒட்டிப்போனது. உங்கள் எண்ணம் சரி, நம் தளத்தோடு போகிற எழுத்து இதுதான், தூண் படம் வேண்டவே வேண்டாம்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். பழைய வீடுகளில் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுருட்டி இருக்குமே, அதை லேபிளில் போட்டால் என்ன?

எழுத்துரு வேலை, சென்னை (சொந்த ஊர் பள்ளத்தூர்)

அந்த வடிவங்கள் 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தையவை. பெரியார் தன் பத்திரிகைகளில் 1935-லிருந்தே புதிய வடிவத்தைப் போட்டுவந்தார், அரசு ஏற்றது அப்போதுதான். இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தட்டினால் பழைய வடிவம் வராது, வரைந்துதான் ஆக வேண்டும். இவர்கள் பட்டியலில் அதற்கு இடமும் இல்லை, சீடையில் டை, உருண்டையில் டை, இரண்டுக்கும் துதிக்கை கிடையாது. இல்லாத இடத்தில் வலிந்து ஒட்ட வேண்டாம்.

தேவகோட்டை ஐயா சொன்ன முகப்பு எழுத்துகளைப் பற்றி ஓர் ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. மான்செராட் என்பது பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் ஒரு பேட்டையின் பெயர். ஹூலியட்டா உலனோவ்ஸ்கி என்ற பெண் அந்தப் பேட்டையின் பழைய பலகைகளும் சுவரொட்டிகளும் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்து, அந்த வடிவங்களைக் காப்பாற்றத்தான் அந்த எழுத்துருவை ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்க இலவசமாக எடுத்துப் போடுகிறார்கள், நம் காரைக்குடிப் பலகாரக்கடை வரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து நம் முகப்புகளை யாரும் அப்படி அளந்து வரையவில்லை. வருடத்துக்குச் சில வீடுகள் இடிகின்றன, மரமும் தூணும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேருகின்றன, சுதை எழுத்து மட்டும் சுவரோடு மண்ணாகப் போகிறது. யாராவது போனால் நேராக நின்று, பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து, படம் எடுத்து வையுங்கள். நான் வரைகிறேன்.

பலகாரக்கடை மகள், காரைக்குடி

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி தமிழிலிருந்து ஆரம்பித்தேன். கட்டமரனில் தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை மூன்றையும் தடிப்பு 600 (செமிபோல்டு), 700 (போல்டு), அதற்கும் மேலே 800, 900 என்று நான்கு தாளில் நிஜ அளவுக்கு அச்செடுத்து எதிர்க் கடைச் சுவரில் ஒட்டினேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் வாசிக்கச் சொன்னேன், கண்ணாடி போடாமலே வாசித்தார். 700 வரை ‘தே’ ‘தே’யாகவே இருக்கிறது, 800-ல் யோசித்தார், 900-ல் ண மீண்டும் கட்டியாகிவிட்டது. 700-ஐ எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தை மான்செராட் செமிபோல்டுக்கு இறக்கினேன், கிட்ட வைத்துப் பார்த்தால் கட்டமரனில் இருக்கும் ஆங்கிலமே இன்னும் பொருத்தமாக இருக்கிறது, அதனால் மான்செராட்டையே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பலகை அக்ரிலிக் எழுத்து, உள்ளே விளக்கு. அப்படியானால் அதற்கு மட்டும் 600, லேபிளுக்கு 700, சரிதானே? தேவகோட்டை அண்ணே, புள்ளியை வட்டமாக வைப்பதா, சதுரமாக வைப்பதா என்று வெட்டுகிறவர் கேட்கிறார். கட்டமரனில் இருக்கிறபடி விட்டால் சின்னதாகத் தெரிகிறது.

பலகை ஓவியர், தேவகோட்டை

வட்டம் வையுங்கள் அம்மா. தூரத்தில் சதுரப் புள்ளி எழுத்தின் உடைந்த துண்டு மாதிரித் தெரியும். தூண் தடிப்பு எட்டு நூல் என்றால் புள்ளிக்கு ஒன்பது அல்லது பத்து நூல். எழுத்துக்கும் அதற்கும் இடையில் பாதித் தடிப்பு இடைவெளி இருக்கட்டும், ‘ன்’ மேல் வருகிற புள்ளியும் பக்கத்துக் ‘கு’வும் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.